மரத்தூளும் ஆகாமியமும்

"சாமிக்குக் குதிரை செய்யேக்கை முகமூடி போடுறது மரியாதையில்லை" என்பார் கோயில் வாகனம் செய்யும் எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரியார். செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதானே பூசை செய்கிறார்கள் என்றேன். "அது மூச்சு சாமியிலை படாமலிருக்க. இது தூசு என்னிலை படாமலிருக்க. ரெண்டும் ஒண்டோ தம்பி?" நல்ல பதில்தான். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. "பிராரத்தம். அனுபவிச்சுத்தான் தீரவேணும்" என்றார்.

இங்கேதான் எனக்கு அவரோடு பிணக்கு. முன்பே சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், அதில் இப்பிறவிக்கு வந்த பங்கு பிராரத்தம், அதை அனுபவிக்கும்போதே புதிதாகத் தேடிக்கொள்வது ஆகாமியம். இருமுகிறவர் பிராரத்தம் என்று ஆறிக்கொள்ளலாம். பட்டறைக்காரன் நான் அப்படிச் சொல்ல முடியாது. அடைத்த கொட்டிலில் மரம் தேய்க்கும் சாண்டரை ஓடவிட்டால் அது என்னுடைய ஆகாமியம்.

சீவுளியில் வருவது சுருள் சுருளான சீவல், காலடியில் விழுந்துவிடும். உளி கொத்துகிற சிராயும் அப்படியே. சாண்டரோ முதிரை மரத்தை மாவாக்குகிறது. மெசினை நிறுத்தி வெகுநேரமாகியும் கூரை ஓட்டையால் விழும் வெயிலில் அந்த மா மிதக்கும். அதைவிட நுண்ணியது கண்ணுக்கே தெரியாது. நெஞ்சுக்குள் இறங்குவது அதுதான். முதிரைத்தூள் தோலையும் விடாது, கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து கடிக்கும்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் பகுதியில் கதிரை, மேசை செய்தவர்களிடம் மூக்கின் உள்ளே வரும் ஓர் அரிய புற்றுநோயை 1960களில் வைத்தியர்கள் கவனித்தார்கள். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்தது. தூளை மூச்சிழுத்த காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. செய்த வினையும் அதன் பயனும் இவ்வளவு தள்ளிக் கிடப்பதால்தான், நடுவில் நின்ற முதலாளி யார் கண்ணிலும் படுவதில்லை போலும்.

உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி நான்கும் உயிர் ஈடேற இறைவன் கொடுத்தவை என்கிறது சைவசித்தாந்தம். அப்படியானால் ஆசாரியாரின் நுரையீரலும் கொடுத்த பொருள்தான். குதிரையோ கண் திறக்கும்வரை வெறும் மரம்.

முகமூடி கடைசிக் காவல். தூள் பிறக்கிற இடத்திலேயே அதை உறிஞ்சவேண்டும். அதனால் சாண்டரின் வாயிலேயே குழாய் பூட்டினேன். கொம்பிரசரால் காற்றடித்துத் துப்புரவாக்குவதை நிறுத்தினோம். அது படிந்த தூளை மறுபடி பறக்கவிடுகிற வேலை. இப்போது ஈரத்துணிதான்.

உபயகாரருக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் மரம், கூலி, வர்ணத்தோடு இந்தக் குழாய்ச் செலவையும் எழுதுகிறேன். "இது சாமிக்கு என்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். வாகனத்தின் புண்ணியத்தில் பங்கு கேட்கிறவருக்கு அதன் தூளிலும் பங்குண்டு என்றேன். கூலியில் கழிக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன்.