வெளிப்படை என்கிற தீர்ப்பு

திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரம் துணியைத் தட்டையாகத் தருவதில்லை, குழாயாகத் தருகிறது. அகலக் குழாய் பனியனாகிறது. அதே விதமாகப் பின்னிய குறுகிய குழாய், முறிந்த காலில் மாவுக்கட்டுக்கு அடியில் மாட்டும் ஸ்டாக்கினெட். ‘இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே’ என்று இங்கே எவரும் சொல்வார்கள். சிம்புகள் பற்றிய காப்புரிமை வழக்குகளில் எதிர்த் தரப்பு சொல்வதும் இதையே. துறையில் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு வெளிப்படையானது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது சட்டம்.

வெளிப்படை என்றால், எப்போது? கண்ட பிறகா, காண்பதற்கு முன்பா?

லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் 1875-ல் தம் நூலில் விவரித்த சிம்பு, ஓர் இரும்பு வளையமும் இரண்டு கம்பிகளும்தான். எந்தக் கொல்லனும் அடித்துத் தருவான். தாமஸின் வம்சமே வேல்ஸில் எலும்பு கட்டியவர்கள். மூங்கில் பத்தை வைக்கும் நம் புத்தூர்க் கட்டுக்காரர்களுக்குத் தொழில்வழிப் பங்காளிகள். 1891-ல் அவர் இறந்தபோதும் மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. முதல் உலகப்போரில், அவரிடம் பயின்ற ராபர்ட் ஜோன்ஸ் வற்புறுத்திய பிறகே அது போர்முனைக்குப் போயிற்று. தொடையெலும்பு முறிந்து மாண்டவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. எழுதிக் காட்டிய பின்னும் நாற்பதாண்டுகள் தேர்ந்தவர்களுக்குப் பிடிபடாத ஒன்றை, எழுதுமுன்பே வெளிப்படை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் மறுபக்கமும் உண்டு. மிர்ஸாபூர் பாத்திரத் தொழிலில், கடைசலின்போது பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனத்துக்கு வாங்கிய காப்புரிமை செல்லாதென்று 1978-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டறையில் செய்துகொள்ளும் வெறும் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்பது அதன் நிலை. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. இல்லையென்றால், எங்கள் ஊர் பிட்டர்கள் எந்திரத்தில் அன்றாடம் செய்யும் கைத்திருத்தங்களை எவனோ ஒருவன் வேலியடைத்துக்கொள்வான்.

சட்டம் சொல்லும் அந்தத் ‘தேர்ச்சியுள்ள ஒருவர்’ ஒரு தனிமனிதர் அல்ல. பெயரில்லாத பலருடைய கையறிவின் தொகை. ஒன்றை வெளிப்படை என்று சொல்வது, அதை அவர்களுக்கு உடைமையாக்குவது. ஆகவே அப்படிச் சொல்கிறவனுக்கு ஒரு கடமை இருக்கிறது: அது அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் முன்பே இருந்தது என்று காட்டவேண்டும். காட்டாமல் சொன்னால் அது தீர்ப்பல்ல, பிந்தி வந்தவனின் பொறாமை. ஒரு புதுக்கவிதையைப் படித்துவிட்டு ‘இதை நானும் எழுதுவேன்’ என்கிறவனுக்கும் இந்த விதி பொருந்தும்.

மூங்கில் பத்தையை முதலில் வைத்துக் கட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. அப்படி ஒருவன் இருந்தான் என்பதுமட்டும் நிச்சயம்.