கொட்டகை வீட்டுக்கு வந்த பிறகு

அபிப்பிராயம் சொல்வதற்கு யாரும் காசு கேட்பதில்லை. கத்தரிக்காய் வாங்கினால் காசு கொடுக்க வேண்டும். கடிதம் போட்டால் தபால் தலை ஒட்ட வேண்டும். ஆனால் ஒரு சினிமாப் படத்தைப் பற்றி, "சுத்த போர், அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. செலவில்லாத பண்டத்தை மனிதன் எப்படிப் புழங்குவான் என்பது நமக்குத் தெரியாததல்ல. தெருக்குழாயை ஒரு நாள் காலையில் நின்று கவனித்தால் போதும்.

சினிமா எடுக்கிறவனுக்குக் கடமை உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அவன் ஆபாசம் காட்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, சமூகத்தைக் கெடுக்கக் கூடாது என்று பட்டிமன்றம் வைத்துப் பேசியிருக்கிறோம். அவனைக் கண்காணிக்கத் தணிக்கைக் குழு கூட இருக்கிறது. பார்க்கிறவனுக்கு ஏதாவது கடமை உண்டா என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டான், அல்லது மாதச் சந்தா கட்டிவிட்டான். அதோடு அவன் கடன் தீர்ந்தது என்பது பொதுவான எண்ணம். தீர்ந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்துக்கு நான் குடியிருக்கும் இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். புதுச்சேரியில் கருவடிக்குப்பம் என்றால் பக்தர்களுக்குச் சித்தானந்த சுவாமி கோயில் ஞாபகம் வரும். பாரதி அன்பர்களுக்குக் குயில் தோப்பு ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு, சொன்னால் வருத்தப்படாதீர்கள், முதலில் ஞாபகம் வருவது இடுகாடுதான். அந்த இடுகாட்டில் ஒரு சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அது. 1867-ல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, ஊர் ஊராக நாடகத்தோடு அலைந்து, 1922-ல் இந்தப் புதுச்சேரியில் வந்து கண்ணை மூடினார். நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் இங்கே கூடி மாலை போடுகிறார்கள். மற்ற நாட்களில் அந்த வழியாகப் போகிறவர்கள் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைப்பதில்லை.

சுவாமிகள் காலத்து நாடகம் ராத்திரி தொடங்கினால் பொழுது விடியத்தான் முடியும். பாட்டுப் பிடித்துவிட்டால் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். பாடியவர் மறுபடியும் பாடியாக வேண்டும். பிடிக்காவிட்டாலும் கத்துவார்கள். அதையும் அவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கத்துகிறவனுக்கு நடிகனின் முகம் தெரியும்; நடிகனுக்கும் கத்துகிறவனின் முகம் தெரியும். புகழ்ச்சியோ வசையோ, எதிரில் நிற்கிற ஒரு மனிதன் மேல்தான் போய் விழுந்தது.

சுவாமிகளைப் பற்றி நாடக உலகத்தில் ஒரு கதை வழங்கி வருகிறது. எமனாக வேஷம் கட்டி அவர் மேடையில் ஆர்ப்பரித்து வந்தபோது, கீழே உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்து கருச்சிதைந்து போனாளாம். அன்றிலிருந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டாராம். கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அலங்காரம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படி ஒரு கதை உண்டாகி நூறு வருஷமாக நிலைத்திருக்கிறதே, அதைத்தான் நான் கவனிக்கிறேன். பார்க்க வந்த ஒரு பெண்ணுக்காக ஒரு கலைஞன் தன் தொழிலில் பாதியைத் துறந்தான் என்று நம்புவதற்கு ஜனங்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. அவனுக்காகப் பார்க்கிறவன் எதைத் துறந்தான் என்று யாரும் கதை கட்டவில்லை.

பிறகு சினிமா வந்தது. நடிகன் வெள்ளைத் துணிக்குள் போய்விட்டான். நாம் கத்துவது அவன் காதில் விழாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் மிச்சமிருந்தார்கள். நாம் கேலி செய்ய வாயெடுத்த இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினால், கேலி தொண்டையிலேயே நின்றுவிடும். "இந்த அம்மாளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையோ?" என்று ஒரு கணமாவது தோன்றும். கொட்டகையின் இருட்டு நமக்குக் கற்றுக்கொடுத்த அடக்கம் அது.

இப்போது கொட்டகையே வீட்டுக்கு வந்துவிட்டது. கிழவியும் இல்லை, இருட்டும் இல்லை. கையில் ரிமோட் இருக்கிறது.

வீட்டில் படம் பார்ப்பதைக் குறை சொல்வதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். படியேற முடியாத முதியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நோயாளிகள், ராத்திரி ஆட்டத்துக்கு அனுப்பப்படாத பெண்கள் என்று எத்தனையோ பேருக்கு இது கிடைத்தற்கரிய வசதி. நாலு பேர் சிரிக்கிறார்களே என்று நாமும் சிரித்து வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் கூட வீட்டில் இல்லை. என் பேச்சு அதைப் பற்றியதல்ல. மறுநாள் காலையில் பாண்லே பால் பூத்தில் வழங்கப்படும் தீர்ப்பைப் பற்றியது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், யாருக்கும் ஒரு கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவர். இரண்டரை மணி நேரப் படத்தை முக்கால் மணியில் முடித்துவிடும் வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது. பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார். சண்டையென்றால் ஒன்றரை மடங்கு வேகம். யாராவது பேசாமல் நின்றுகொண்டிருந்தால் அதைப் படத்தில் சேர்த்தியாகவே அவர் கருதுவதில்லை.

"கூழாங்கல் பார்த்தேன் சார்" என்றார் ஒரு நாள். "நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான்! நான் ஓட்டிவிட்டேன். இதற்குப் போய் வெளிநாட்டில் பரிசு கொடுத்திருக்கிறானே!"

வினோத்ராஜ் இயக்கிய படம் அது. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. 2023-ல் வீட்டுத் திரைக்கு வந்தது. ஒன்றேகால் மணி நேரந்தான் ஓடும். குடிகாரத் தகப்பன் ஒருவன், பிறந்தகம் போய்விட்ட மனைவியை அழைத்துவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் இருவரும் நடந்து திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான். தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்து வைக்கிறான்; அங்கே ஏற்கனவே கூழாங்கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. எத்தனை நாள், எத்தனை நடை என்று நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் பெண்கள் ஒரு குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். குடம் நிறைகிற பாடாக இல்லை. காமிரா நகர மறுக்கிறது.

தன் சகோதரியைக் கணவன் வீட்டிலிருந்து துரத்திவிட, அவள் கைக்குழந்தையோடு நடந்தே வந்து சேர்ந்ததிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். அந்த நடையை ஓட்டிவிடுவதற்கு அவளிடம் ரிமோட் இருக்கவில்லை.

இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். அவர் லேசில் விடுகிறவரா?

"ஏன் சார், டூரிங் டாக்கீஸில் பாட்டு வந்தால் பாதிக் கூட்டம் பீடி பிடிக்க வெளியே போகுமே, அது மட்டும் தர்மமோ?" என்றார். "உங்கள் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை வர்ணனை வந்தால் எத்தனை பேர் பக்கத்தைத் தள்ளுகிறார்கள் தெரியுமா?"

தெரியும். வர்ணனையைத் தள்ளுகிறவர்களை மட்டுமல்ல, கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "இவளைச் சாகடித்துவிட்டீர்களே!" என்று சண்டைக்கு வருகிற வாசகிகளையும் எனக்குத் தெரியும். ஆனால் புஸ்தகத்துக்கு நடை போடுகிறவர் வாசகர்தான். மெதுவாகப் படிக்கலாம், வேகமாகப் படிக்கலாம், மூடி வைத்து ஒரு வாரம் கழித்தும் எடுக்கலாம். சினிமாவில் வேகம் என்பதே சரக்கின் ஒரு பகுதி. ஆலாபனையை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டுப் பாடகருக்கு சுருதி சேரவில்லை என்று சொல்ல முடியுமா?

பீடி விஷயத்துக்கு வருகிறேன். வெளியே போனவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்பான்? "என்னய்யா ஆச்சு?" என்று பக்கத்து ஆசாமியைக் கேட்பான். தான் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தெரியும். படம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ரிமோட்டை அழுத்துகிறவனுக்கு அந்த உணர்ச்சி இல்லை. தவறவிட்டதாக அவன் நினைப்பதில்லை, தள்ளிவிட்டதாக நினைக்கிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மனமாற்றம் நடந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் அறுவைப் படத்துக்கெல்லாம் முழு நேரத்தையும் தானம் செய்ய வேண்டுமா? வேண்டாம். எழுந்து போய்விடுவது பார்க்கிறவனின் உரிமை. அதை யாரும் பறிக்க முடியாது. "பாதியில் நிறுத்திவிட்டேன்" என்பது யோக்கியமான வார்த்தை. அதிலேயே ஒரு விமர்சனம் இருக்கிறது. முழுக்கப் பார்த்துவிட்டுக் கிழிகிழி என்று கிழிப்பதும் யோக்கியமான காரியந்தான். பாதியைத் தள்ளிவிட்டு முழுசுக்கும் தீர்ப்புச் சொல்கிறோமே, அதற்குத்தான் எனக்குப் பெயர் தெரியவில்லை. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பெழுதும் நீதிபதியை நாம் என்ன சொல்லுவோம்?

ஓட்டிவிடுவதெல்லாம் ஒரே ஜாதி என்றும் சொல்வதற்கில்லை. "ஜெய் பீம்" 2021 நவம்பரில் கொட்டகைக்கு வராமல் நேரே வீட்டுக்கு வந்த படம். 1993-ல் விருத்தாசலம் பக்கத்தில் போலீஸ் காவலில் செத்துப்போன ஒரு ஏழையின் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. பின்னால் உயர் நீதிமன்ற நீதிபதியான சந்துரு, அந்த வழக்கை வக்கீலாக இருந்து நடத்தினார். விருத்தாசலம் நமக்கு எட்டாத தூரமல்ல. காலையில் பஸ் ஏறினால் மத்தியான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். லாக்கப்பில் அடிக்கிற காட்சி வந்ததும் நண்பரின் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். "என்னாலே பார்க்க முடியலேண்ணா" என்றார் என்னிடம். அப்புறம் இரண்டு மூன்று நாள், "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது குடுத்தாங்களாமா? புள்ளைங்க என்ன ஆச்சு?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். படம் நன்றாயிருந்ததா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவர் முழுக்கப் பார்த்தார். "முதல் பாதி இழுவை" என்றார். இருவரில் யார் படத்தைப் பார்த்தவர் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

பால் பூத்தில் சொல்லும் அபிப்பிராயத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இப்போது அபிப்பிராயத்துக்குக் கத்தரிக்கோல் முளைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் பிரேம்குமாரின் "மெய்யழகன்" வந்தது. நீளம், நீளம் என்று பேச்சுக் கிளம்பியது. சில நாட்களுக்குள் சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், கதாநாயகனே ஒரு அவசரக்காரன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். முகத்தைக் காட்டிவிட்டு ராத்திரியே ஊர் திரும்பிவிட வேண்டும் என்று துடிக்கிறான். பஸ் போய்விடுகிறது. தன் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு உறவுக்காரனோடு, அவன் பெயர் என்ன என்று கூட நினைவில்லாமல், ஒரு ராத்திரியைக் கழிக்க வேண்டியதாகிறது. அவசரத்தை விட்டால்தான் அந்த மனிதன் கண்ணுக்குத் தெரிவான் என்று சொல்ல வந்த கதைக்கு, அவசரக்காரர்கள் சேர்ந்து நேரம் குறித்துக் கொடுத்தார்கள். 18 நிமிஷம் போனதால் படம் கெட்டுவிட்டது என்று நான் வாதாடவில்லை; விறுவிறுப்புக் கூடியது என்றும் சொல்கிறார்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் அந்த 18 நிமிஷத்தையும் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தவர்கள் என்பதுதான் என் கேள்வி.

படமெடுப்பவர்கள் பயந்து போயிருப்பதில் ஆச்சரியமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. படம் வெளிவந்த முதல் மூன்று நாட்களுக்கு யாரும் விமர்சனம் செய்யக் கூடாது என்று உத்தரவிட வேண்டுமாம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. மறுத்தது நியாயம். வாயைக் கட்டச் சட்டம் வந்தால் முதலில் கட்டப்படுவது முழுக்கப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிறவன் வாயாகத்தான் இருக்கும். மேலும், மூன்று நாள் பொறுத்துவிட்டு நாலாவது நாள் பார்க்காமலே பேசுகிறவனை எந்தச் சட்டம் என்ன செய்துவிடும்?

நண்பர் போன மாதம் பார்த்தது "கடைசி விவசாயி". மணிகண்டன் எடுத்தது, 2022-ல் வெளிவந்தது. "கிழவர் ரொம்ப மெதுவாகப் பேசுகிறார் சார். நடிக்கவே தெரியவில்லை" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அந்தக் கிழவர் நல்லாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்து நிஜமான விவசாயி. நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்ல. படம் வெளியாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். 2023-ல் அறிவித்த தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதையும் அவர் பார்க்கவில்லை. அவரை நாம் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் கேட்பதற்கு அவர் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் எதிரில் நின்று கத்தியவனுக்கு இருந்த சங்கடம் நமக்குக் கொஞ்சமும் இல்லை.

நண்பர் அந்தப் படத்திலும் நடுவில் கொஞ்சம் ஓட்டிவிட்டிருக்கிறார். மயில்களைக் கொன்றதாகப் பெரியவர் மேல் பொய் வழக்குப் போட்டுவிடுகிறார்கள். மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். கேட்ட மாத்திரத்திலேயே இது பொய் வழக்கு என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனாலும் சட்டப்படி பெரியவரைக் காவலில் வைத்தாக வேண்டியிருக்கிறது. பெரியவருக்கு ஜெயிலைப் பற்றிக் கவலையில்லை. குலதெய்வத்துக்காக விதைத்த பயிர் தண்ணீரில்லாமல் வாடுமே என்பதுதான் கவலை. காதும் சரியாகக் கேட்காத மனிதர். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மாஜிஸ்ட்ரேட் அவசரப்படுத்தவில்லை. உட்கார்ந்து கேட்கிறார். கேட்டுவிட்டு, வழக்கு முடிகிற வரைக்கும் அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்படி ஒரு போலீஸ்காரருக்கு உத்தரவு போடுகிறார்.