திருதராட்டிரன் கேட்ட கேள்வி

கூனிமேட்டுக் கரையில், மழைக்கு முன்னர் வாரிக் குவித்த உப்பின்மேல் பனையோலை வேய்கிற நாட்களில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து கொளுத்திவிட்டு, இந்தக் கடல்வழியே இலங்கைப் பக்கம் போயிற்று. ஜூன் 28இல் சரயேவோவில் ஓர் இளவரசர் கொலையுண்டதும், ஆகஸ்டு 4க்குள் ராஜ்யங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் யுத்தப் பிரகடனம் செய்ததும், பாத்திச் சேற்றில் நிற்பவனுக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவை. ஆயினும் அவன் வீட்டு வாசலிலும் 'இன்றைக்கு என்ன சேதி?' என்ற கேள்வி எழாமல் இருந்திராது. யுத்தத்தில் கை வையாதவன் அதன் செய்தியை நாள்தோறும் ஆவலோடு கேட்பது தர்மத்துக்கு ஒக்குமா?

மகாபாரதத்தில் இக்கேள்விக்கு இடமுண்டு. கௌரவரின் தந்தையான திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் போர்ச் சேதியைப் போர் நடக்க நடக்கவே சொல்லிக்கொண்டிருந்தான் என்று பலரும் எண்ணுகிறோம். வியாசர் சொல்வதோ வேறு. பத்து நாள் போர் முடிந்து, பீஷ்மர் சாய்ந்தார் என்ற சேதியோடு அவன் வந்த பிறகே, கீதை உட்பட யாவும் அரசன் செவிக்கு எட்டுகின்றன. பீஷ்மர் வீழ்ந்ததை அறிந்த பின்னும், திருதராட்டிரன் தன் மக்களை ஒருபுறமும் பாண்டுவின் மக்களை மறுபுறமுமாக நிறுத்தியே கேட்கிறான். தம்பி பிள்ளைகள் அவனுக்குப் பிறத்தியார். செவிமடுத்ததில் அன்று, அந்தப் பிரிவினையிலேயே அவன் குற்றம் இருக்கிறது என்பது என் துணிபு.

இதே கரையில் சற்றுத் தெற்கே, புதுச்சேரியில், ஆங்கில அரசுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்திருந்தார் பாரதியார். தம்மைத் துரத்திய அரசின் தோழமை நாடு என்று பாராமல், ஜெர்மானியப் படையின்முன் வீழ்ந்த பெல்ஜியத்தை அவர் வாழ்த்திப் பாடினார். அவரும் யுத்தச் சேதி கேட்டவர்தாம். கேட்ட விதம் வேறு.

நாமோ 'எம்டன்' என்ற பெயரைச் சாமர்த்தியசாலிக்குச் சூட்டி மகிழ்ந்தோம். அக்கப்பல் நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே அழிந்தது. சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. அன்றிரவு சென்னையில் மாண்டவர்களுள் ஒருவர் பெயரேனும் நம் பேச்சில் இல்லை.