மரபைப் பேணுதல் என்பது யாது?

மறைநூலின் வாசகம் மாறாதது; அதனை ஓதி வாழும் மக்களின் நிலையோ மாறிக்கொண்டே இருப்பது. இவ்விரண்டையும் இணைப்பது விளக்கம். இஸ்லாமிய அறிஞர் குர்ஆன், நபிமொழி, அறிஞரின் ஒருமித்த முடிவான இஜ்மா, ஒப்புநோக்கித் துணியும் கியாஸ் ஆகிய மூலங்களால் இவ்விளக்கத்தை நெறிப்படுத்தினர். தகுதியுடையோர் இம்மூலங்களை ஆராய்ந்து முடிவு காண்பது இஜ்திஹாத். முன்னோர் கண்ட முடிவை ஏற்றொழுகுவது தக்லீத். மரபைப் பேணுதல் என்பது இவற்றுள் எதனைப் பேணுதல் என்னும் வினா இன்று எழுகின்றது.

இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலார் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். அம்மத்ஹபின் முதல்வரான இமாம் ஷாபிஈ (767–820), பக்தாதில் தாம் வழங்கிய தீர்ப்புகள் பலவற்றை எகிப்து சென்றபின் மீளாய்ந்து மாற்றினார். அவை பழைய கூற்று, புதிய கூற்று எனச் சட்ட நூல்களில் இன்றும் இடம்பெறுகின்றன. மீளாய்வு மரபுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிப் பதவியை ஆண்களுக்கே உரியதாக்கியது. விவாகரத்தும் பராமரிப்பும் வேண்டிக் காதியின் முன் நிற்கும் பெண், தன் இல்லறத்தின் அந்தரங்கத் துயரை ஆடவர் முன்னிலையிலேயே கூறவேண்டியவளானாள். நீதி வழங்குவோர் ஆணாயிருத்தல் வேண்டும் என்பது ஷாபிஈ அறிஞர் கொள்கை. ஹுதூத், கிஸாஸ் என்னும் தண்டனை வழக்குகள் ஒழிந்த ஏனையவற்றில் பெண்ணின் தீர்ப்புச் செல்லும் என்பது ஹனபி மத்ஹபின் கொள்கை. இரண்டும் மரபே. இச்சட்டத்தைத் திருத்துவது குறித்து ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, 2018இல் அறிக்கை சமர்ப்பித்தபோது இவ்விடயத்தில் இரு பிரிவாக நின்றது.

வசதிக்கேற்ப மத்ஹபுகளிலிருந்து எளியவற்றைத் தெரிந்தெடுப்பின் மறைநூல் மனவிருப்பத்தின் ஏவலாள் ஆகிவிடாதா என்பர் ஒரு சாரார். இத்தடையைப் புறக்கணித்தல் தகாது. முற்கால அறிஞரும் இதனை எச்சரித்துள்ளனர். ஆயினும், மாற்றத்தில் மட்டுமன்றி, மாறாமையிலும் மனவிருப்பம் மறைந்திருத்தல் கூடும். பழைய தீர்ப்பின் சுமையைத் தாங்குவோர் ஒருவர், அதனைக் காப்போர் மற்றொருவர் எனின், அக்காப்பும் ஆராயப்படவேண்டியதே.

ஆகவே, விளக்கத்தின் நேர்மை அதன் பழமையாலோ புதுமையாலோ அளக்கப்படுவதன்று. விளக்கம் கூறுவோர் மூலங்களிலிருந்து தாம் கண்ட காரணத்தை, அத்தீர்ப்பினால் வாழ்வு மாறுவோரின் முகம் நோக்கிக் கூறவும், அவர்தம் மறுமொழியைக் கேட்கவும் இயலுமாயின், அதுவே மரபின் மெய்யான தொடர்ச்சியாகும்.