கொடையா, கூலியா?

ஒப்புரவாளனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த மரத்துக்கு உவமித்தார் வள்ளுவர். அந்த அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, "மரம் பழம் கொடுப்பது தன் விதையைச் சுமப்பிப்பதற்குத்தானே; அது கொடையா, கூலியா?" என வினவினான். விஞ்ஞான வகுப்பில் கேட்டதைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

அவன் கூற்றில் உண்மை உண்டு. விதை முற்றும்வரை காய் பச்சையாகவும் துவர்ப்பாகவும் இருந்து உண்ண வருவோரை விலக்குகின்றது. முற்றிய பின்னரே நிறமும் இனிமையும் கொள்கின்றது. தாய்மரத்தின் அடியில் வீழும் விதைகளையும் முளைகளையும் பூச்சிகளும் பூஞ்சணங்களும் பெரிதும் அழித்துவிடுகின்றன என்பதை ஜான்சென் 1970இலும் கொனெல் 1971இலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். ஆகவே தொலைவிற் செல்வதே விதைக்கு வாழ்வு. வெப்பவலயக் காடுகளின் மரங்களிற் பெரும்பாலானவை இதற்குப் பறவைகளையும் விலங்குகளையுமே நம்பியுள்ளன. நமது உலர்வலயக் காட்டில் ஆலும் அத்தியும் பழுத்தால் இருவாய்ச்சி வருகின்றது. பழத்தை முழுதாக விழுங்கிப் பறந்து, விதையை வேறோரிடத்தில் எச்சமாக இடுகின்றது.

அதே மரத்திற்குக் கிளியும் வருகின்றது. அது விதையையே கடித்து நொறுக்குகின்றது. பச்சைப்புறாவோ அத்தி விதையைத் தன் அரைவைப்பையில் அரைத்துவிடுகின்றது. போட்டியே இயற்கையின் நியதியென்று முதலாளித்துவத்துக்காக வாதிடுவோர் கிளியைக் காட்டலாம். 1902இல் பரஸ்பர உதவி பற்றி நூல் வெளியிட்ட குரொப்பொற்கினின் வழிநிற்போர் இருவாய்ச்சியைக் காட்டலாம். என் மனம் இரண்டாமவர் பக்கமே சாய்கின்றது. அதனாலேயே என்னை நான் ஐயுற வேண்டியவனாகின்றேன். கொடைக்கும் கூலிக்கும் கருத்து வேண்டும். மரத்துக்கோ பறவைக்கோ அது இல்லை. காட்டிடம் நியாயம் கேட்டு நமது கட்சியை நிறுவ முற்படுதல் தகாது.

ஒழுக்க வினா எழுவது மனிதன் துப்பாக்கியோடு அங்கு புகும்போதுதான். இருவாய்ச்சிப் பெட்டை மரப்பொந்தினுட் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண், பழங்களைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். அந்த ஆணைச் சுட்டவன் கொன்றது ஓருயிரை மட்டுமா? விலங்கும் பறவையும் வேட்டையாடப்பட்டு மரங்கள் மட்டும் நிற்கும் வனத்தை 'வெறுங்காடு' என 1992இல் எழுதினார் ரெட்ஃபோர்ட். பார்வைக்குப் பசுமை குன்றாது. ஆயின் நாளைய மரங்களை நடுவோர் இல்லை.

இதனை வகுப்பிற் கூறியபோது அதே மாணவன், "பசிக்காகச் சுட்டவனையும் காட்டை வெட்டி விற்றவனையும் ஒரே தராசிலா நிறுப்பது?" என்றான். இல்லை என்றேன். அறிந்தே இலாபத்துக்காக அழித்தவனின் பொறுப்புப் பெரிது. பசித்தவனுக்கு மாற்று உணவு தேடிக்கொடாத சமூகம் அவனுக்குப் பறவையின் பெருமையைப் போதிப்பது எனக்கு வெட்கமாகவே உள்ளது. எனினும் அறிந்ததை அவனிடம் மறைப்பதும் அவனை இழிவுபடுத்துவதே அன்றோ? மாணவன் இதனை ஏற்கவில்லை. அடுத்த வகுப்பிற்கு விஞ்ஞான ஆசிரியரையும் அழைத்திருக்கிறேன்.