கத்தி எப்பொழுது நமதாகும்?

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கு உரியது என்பது உலக வழக்கு. கடைக்காரர் ரசீது எழுதுகிறார், வாங்கியவன் பொருளை எடுத்துச் செல்லுகிறான், உரிமை கைமாறுகிறது. வழக்கு மன்றத்திற்கு இவ்வளவு போதும். அறத்திற்கு இது போதுமா? பாய், குடை, விளக்கு ஆகியவற்றைப் பற்றி இக்கேள்வி எழுவதில்லை. ஒரே வீச்சில் மரக்கிளையையும் மனிதன் கையையும் துணிக்கவல்ல பொருளைப் பற்றி எழத்தான் வேண்டும். அதனை விலை கொடுத்துப் பெற்ற அளவில் ஒருவன் அதற்கு உரியவன் ஆகிவிடுகிறானா? அன்றி, வேறு ஏதேனும் அவன் கொடுக்கவேண்டியிருக்கிறதா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் பாராங் என்று வழங்கும் கத்தியையே எடுத்துக்கொள்வோம். சொல் மலாய்ச் சொல். கருவியும் மலாய் மக்களின் கருவி. கேமரன் மலையில் நமது மக்கள் தேயிலைத் தொழிலில் ஈடுபட்ட காலந்தொட்டு அஃது அவர்கள் வீட்டுப் பொருளாகவும் ஆயிற்று. ஒரு சாண் நீளமுள்ள சமையற் கத்தியன்று அது. அலகு மட்டும் 12 அங்குலம் முதல் 18 அங்குலம் வரை இருக்கும். பிடியின் அருகே ஒடுங்கி, நுனியை நோக்கி அகன்றும் கனத்தும் செல்லும். எடை முன்பக்கம் நிற்பதால், ஓங்கிய கத்தி தன் பாரத்தாலேயே இறங்கி வெட்டுகிறது. மடக்குக் கத்தியில் இருக்கும் கீல் இதில் இல்லை. அலகின் இரும்பே வாலாக நீண்டு மரப்பிடிக்குள் நுழைந்து நிற்கிறது. அடியின் அதிர்ச்சியைத் தாங்குவது அவ்வால். அது தளர்ந்தால் கத்தி கையைவிட்டுப் பறக்கும்.

கிராமத்துக் கொல்லர் பலர் பழைய லாரியின் வில்லிரும்பைக் கொண்டு இதனை அடிக்கின்றனர். உலையிலே செஞ்சூடு ஏற்றி எண்ணெயில் தோய்க்கின்றனர். தோய்ந்த எஃகு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடியைப் போல் உடைந்துவிடும் தன்மையும் அடைகிறது. ஆதலின் மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துகின்றனர். சிறிது கடினத்தை இழந்தே எஃகு உறுதியைப் பெறுகிறது. இத்தனையும் கொல்லரின் அறிவு. கத்தியை வாங்குகிறவன் இவ்வறிவின் பயனைப் பெறுகிறானே அன்றி, அறிவைப் பெறுகிறானில்லை.

அண்மையில் யானும் ஒரு பாராங் கத்தி வாங்கினேன். பேரேடு எழுதும் கிராணிக்கு அஃது எதற்கு என்று கேட்கலாம். வீட்டின் பின்னே காடு. மழைக்காலத்தில் பாதையை மறித்து விழும் கிளைகளுக்குக் குறைவில்லை. காடு வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவர், முதல் வாரம் எதையும் வெட்டவேண்டாம் என்றார். கையில் ஏந்தி எடை எங்கே நிற்கிறதென்று பார். பிடியை அசைத்துப் பார். தீட்டுக்கல்லில் நாள்தோறும் தேய்த்து விளிம்பு எங்கே மெல்லியது, எங்கே தடித்தது என்று விரலறியக் கற்றுக்கொள் என்றார். வெட்டும் பாதைக்கு வெளியே கால் நிற்கவேண்டும். மழையில் பிடி நனைந்தால் வேலையை நிறுத்தவேண்டும். கிளையை நேர்க்குறுக்காக அடித்தால் அலகு எகிறும், சாய்த்து வெட்டினால் நுழையும். உறைக்குள் இடுமுன் துடைத்து எண்ணெய் பூசாவிடின், இம்மலையின் ஈரத்தில் ஓரிரவிலேயே துரு பூக்கும். இவை அவர் சொன்ன பாடங்கள். கத்திக்குக் கொடுத்த பணம் ஒரு நாட் கூலி. பழக்கத்திற்குக் கொடுக்கவேண்டிய நாட்களோ பல.

இப்பழக்கம் எவ்வளவு உயர்ந்ததாக வளரக்கூடும் என்பதற்குத் தேயிலையே சான்று. தேயிலைச் செடி என்று நாம் சொல்லுவது உண்மையில் மரம். விட்டுவிட்டால் ஆள் உயரத்திற்கு மேல் ஓங்கி வளரும். அதனை இடுப்பளவில் நிறுத்தித் தளிர் விடச் செய்வது கவ்வாத்து. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகள் வெட்டப்படுகின்றன. வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் அமையவேண்டும். பிசிறு நின்றால் நீர் தங்கும். நீர் தங்கினால் தண்டு அழுகும். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது முதல் இன்றுவரை, தேயிலை மலையின் பசுமைக்குக் கீழே கவ்வாத்துக்காரரின் கை இருக்கிறது. சுற்றுலா வருவோர் பசுமையைப் படம் பிடிக்கின்றனர். அந்தக் கையைக் காண்பதில்லை. செடியை வெட்டியே செடியை வாழவைக்கும் கை அது.

சீன ஞானி சுவாங் சுவின் பெயரால் வழங்கும் பழைய நூலிலே ஒரு சமையற்காரன் வருகிறான். 19 ஆண்டுகள் மாடு அறுத்தும் அவன் கத்தி மழுங்கவில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள வெளியை அறிந்து அங்கே அலகைச் செலுத்தினான். அலகு எலும்பில் மோதவில்லை. தேர்ந்தவன் கையில் கத்திக்கு வேகம் வேண்டியதில்லை என்பது அக்கதையில் யான் காணும் பொருள்.

இனி நமது கேள்விக்கு வருவோம். கத்தி நல்லதுமன்று, தீயதுமன்று; எல்லாம் பிடித்தவன் மனத்தைப் பொறுத்தது என்று பலர் கூறுவர். இது பாதி விடையே. ஒவ்வொரு பொருளும் தன்னை ஏந்தியவனிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. பேனா எழுதச் சொல்லுகிறது. கனத்த கத்தி வீசச் சொல்லுகிறது. அக்குரலுக்கு உடனே இணங்காதிருக்க நல்ல மனம் மட்டும் போதாது. கத்தியைத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

பட்டணங்களில் நடப்பதைப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினருள் பெரும்பகுதியினர் இந்தியர் என்றும் கூறியது. அச்செய்தியைப் படித்துத் தலைகுனியாத தமிழர் யார்? கும்பற் சண்டை என்றதும் நம் நினைவிற்கு வரும் ஆயுதம் இதே பாராங் கத்தி. பாட்டனார் காடு திருத்திய கருவியைப் பேரன் காரின் இருக்கைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறான். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. வேலை போயிற்று, கத்தி மட்டும் உடன் வந்தது. ஒரு கிளையையேனும் வெட்டியறியாத இளைஞன் கையில் அதற்கு என்ன பொருள் இருக்கமுடியும்? அச்சமூட்டுதல் ஒன்றே.

வறுமையும் புறக்கணிப்புமே இதற்குக் காரணம். கத்திப் பழக்கம் என்ன செய்யும் என்று சிலர் வினவுவர். வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. தொழில் தெரிந்தவனும் சினத்தில் கொலை செய்தது உண்டு, அதனையும் மறுக்கவேண்டாம். தொழில் ஒருவனைச் சான்றோன் ஆக்கிவிடும் என்று யான் கூறவில்லை. அது தருவன இரண்டு. வெட்டிய கிளை மீண்டும் ஒட்டாது என்பதை அவன் கை ஆயிரமுறை அறிந்திருக்கிறது, இஃது ஒன்று. தன் ஆண்மையைக் காட்டத் தெருவிலே கத்தியை உருவவேண்டிய தேவை அவனுக்கில்லை, அவன் செய்த வேலையே அதனைக் காட்டுகிறது, இது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாதவனுக்கு எஞ்சுவது கூர்மை மட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் ஒருவகையில் இதனையே கேட்கிறது. 1958-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அபாய ஆயுதச் சட்டம், தக்க அதிகாரமோ சட்டத்திற்குட்பட்ட நோக்கமோ இன்றிப் பொதுவிடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தோட்டத்திற்குச் செல்பவன் கையிலுள்ள பாராங் கருவி. அதே கத்தி நள்ளிரவில் கடைத்தெருவில் ஆயுதம். இரும்பு ஒன்றே, வேலை இருக்கிறதா என்பதே வேற்றுமை.

குற்றம் இளைஞர் மேல் மட்டும் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்த எம்மனோர்க்குப் பேனா பிடிப்பது மேன்மை என்றும், கத்தி பிடிப்பது இழிவு என்றும் சொல்லாமற் சொல்லிக் கொடுத்தனர். கையையும் அறிவையும் ஒருங்கே பழக்கும் கல்வி வேண்டுமென்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்தார். நாமோ தொழிலிலிருந்து தப்புவதே கல்வி என்று கருதுகிறோம். ஆயுத பூசையன்று கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் அக்கத்தியைப் பிடிக்கும் தொழிலாளியை நாற்காலியில் அமரச் சொல்ல மனம் வருவதில்லை. கருவியை வணங்கிக் கையை இகழ்வது என்ன பக்தி? நாம் இகழ்ந்த தொழிலை நம் பிள்ளைகள் எப்படி மதிப்பர்?

ஆதலின் கத்தி எப்பொழுது நமதாகும் என்னும் வினாவிற்கு எனக்குத் தோன்றும் விடை இது. அதற்குரிய வேலையை அறிந்து, அது செய்யக்கூடிய தீங்கையும் அறிந்து, தேவையில்லாதபோது உறைக்குள் வைத்திருக்கும் பொறுமையைப் பெற்ற நாளில் அது நமதாகும். அதுவரை நாம் அதனை வைத்திருப்பவர்களே, உரியவர்கள் அல்லர்.

தோட்டந்தோறும் காடும் கவ்வாத்தும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நமது சங்கங்களும் மன்றங்களும் பேச்சுப் போட்டி நடத்துவது போலவே, அவர்களை மதிப்புடன் அழைத்து, நம் இளைஞரை அவர்களுடன் ஒரு பருவம் வேலை செய்ய விடலாகாதா? அம்முதியோர் மறையுமுன் அதனைச் செய்வது நம் கடன்.