ஓசியா, வாரிசுரிமையா?

உழைக்காமல் பணம் வாங்குவது தப்பா? ‘இதிலென்ன சந்தேகம், தப்புதான்’ என்பீர்கள். சரி, தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன் மாதாமாதம் வாடகை வாங்குகிறானே, அது? ‘அது அவன் சொத்து சார்!’

இந்த இடத்தில்தான் மேஜர் டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர் பிடித்துக்கொண்டார். முதல் உலகப் போர் சமயத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையின் கணக்கைப் பார்த்தவருக்கு ஓர் உறுத்தல். தொழிற்சாலை தரும் சம்பளத்தையும் லாபப் பங்கையும் கூட்டினால், அது செய்கிற பொருள்களின் விலையை எட்டவே இல்லை. அப்புறம் ஜனங்கள் எதைக் கொண்டு வாங்குவார்கள்? விழுகிற துண்டை அரசாங்கமே ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கட்டும் என்றார். ‘சோஷியல் கிரெடிட்’ என்று அதற்குப் பெயர். இது பிச்சை அல்ல, முன்னோர் சேர்த்துவைத்த அறிவுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் நாம் எல்லோருமே வாரிசுகள், அதில் நமக்கு வரவேண்டிய பங்கு என்பது அவர் வாதம்.

1935. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடக்கிறது. கோதுமை விலை படுத்துவிட்டது. கடனில் மூழ்கிய விவசாயிகளிடம், ரேடியோவில் பைபிள் பிரசங்கம் செய்துவந்த அபர்ஹார்ட் என்ற ஹெட்மாஸ்டர் சொன்னார்: வயது வந்த எல்லோருக்கும் மாதம் 25 டாலர்! 63 இடங்களில் 56-ஐ அள்ளியது அவர் கட்சி.

பணம் வந்ததா? வரவில்லை. பணமும் பாங்க்கும் மத்திய அரசின் அதிகாரம் என்று 1938-ல் சுப்ரீம் கோர்ட் மசோதாக்களைத் தள்ளிவிட்டது. டக்ளஸின் கணக்கிலும் ஓட்டை. இரும்புக்கும் மெஷினுக்கும் கொடுத்த பணமும் வேறெங்கோ, யாருக்கோ சம்பளமாகத்தானே போகிறது? அதைவிடக் கொடுமை, எல்லாவற்றுக்கும் யூதர்களின் சதிதான் காரணம் என்று டக்ளஸ் கைகாட்டியது. ஒரு நல்ல கேள்வி வெறுப்பில் போய் முட்டிக்கொண்டது.

ஆனாலும் கேள்வி செத்துவிடவில்லை. உங்கள் வீட்டில் எரிகிற ஒரு பல்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூளை, எத்தனை தலைமுறை உழைப்பு! அதற்கெல்லாம் யார் வாரிசு? கம்பெனியின் பங்குதாரர் மட்டும்தானா?

25 டாலருக்கு ஆசைப்பட்டு ஓட்டுப் போட்டவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பேரன் வாங்கும் வாடகைக்கு ஒரு நியாயம், அவன் கேட்ட பங்குக்கு வேறொரு நியாயமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் சிரியுங்கள்.